தங்கவயலில் இப்போது சங்கு ஊதுவதில்லை

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவன் எழுதுவது)



ஹாஸ்டலில் யாராவது "எந்த ஊருடா?" என்று கேட்டு, நான் "கே.ஜி.எஃப்." என்று சொன்னால் போதும். "ராக்கி பாய் ஊரா!" என்று ஒரு கூட்டம் கூடிவிடும். 2018-லும் 2022-லும் வந்த அந்த இரண்டு கன்னடப் படங்கள் செய்த வேலை இது. படத்தில் நீங்கள் பார்த்த புழுதி நிஜம். சயனைட் மேட்டில் எடுத்தது. மற்றதெல்லாம் கதை. 2024-ல் 'தங்கலான்' வந்த பிறகு கேள்வி கொஞ்சம் மாறியது. "உங்க முன்னோர் எல்லாம் அப்படித்தான் போனாங்களா?" என்று கேட்கிறார்கள். இது பரவாயில்லை, பதில் சொல்லலாம்.

ஆனால் மூன்று வருடமாக ஒருத்தன்கூட என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மைன்ஸ் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, அங்கே இருக்கிற ஜனங்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

காத்திருக்கிறார்கள். சுரங்கம் மூடியதைவிட இந்தக் காத்திருப்புதான் எங்கள் ஊரை அதிகமாகத் தின்றிருக்கிறது என்பது என் கட்சி. ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னால் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். மலரில் எழுதினால் கொஞ்சம் தைரியமாக எழுதலாம் அல்லவா? அதனால்தான் இது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இறங்கி நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். அதுவும் "இன்னாப்பா, எங்க கீற?" என்கிற வட ஆற்காட்டுத் தமிழ். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி வந்து ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரகம், நந்திதுர்க்கம் என்று வரிசையாகச் சுரங்கங்கள். உள்ளே இறங்கி வேலை செய்ய ஆள் வேண்டுமே? வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கத்திலிருந்து ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். சொந்த ஊரில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. பண்ணையில் கைகட்டி நின்றவர்கள். பூமிக்கு அடியில் உயிர் போகும் என்று தெரிந்தும் இறங்கினார்கள் என்றால், மேலே இருந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

இங்கே சம்பளம் கையில் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. 1926-ல் அப்பாதுரையார் 'தமிழன்' பத்திரிகையை எங்கள் ஊரிலிருந்துதான் திரும்ப நடத்தினார். 1930-ல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். தலை நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்ட இடம் அது. அதனால் அங்கே மைன்ஸ் போனது என்றால் சம்பளம் போனது என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1902-ல் காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தது எங்கள் ஊருக்குத்தான். பெங்களூருக்கே 1905-ல்தான் லைட்டு! பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர். ஆஸ்பத்திரி. கிளப். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். (அந்த இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் இருந்தது தட்டி வைத்த லைன் வீட்டில்தான், அது வேற விஷயம்.)

இப்போது மெக்கானிக்கல்காரர்கள் கேளுங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர். அந்த அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். மேலே பெரிய குளிரூட்டும் இயந்திரம் வைத்துக் காற்றை உள்ளே தள்ளினால்தான் மனுஷன் நிற்க முடியும். ஆழம் அதிகமாக ஆக, மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். அதை எங்கள் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். என் தாத்தா டிம்பர் வேலை. அதாவது, தோண்டிய இடம் விழாமல் இருக்க மரமும் கல்லும் கொடுத்து முட்டுக் கொடுக்கிற வேலை. "பாறை பேசும்டா. முதல்ல முணுமுணுக்கும், அப்புறம் பல்லைக் கடிக்கும். பல்லைக் கடிச்சா ஓடிடணும்" என்பார். நாம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன் என்று கிராஃப் போடுகிறோமே, அதை அவர் காதால் படித்திருக்கிறார்!

அந்த ஆழத்தில்தான் 1965-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகத்தில் முதல் முதலாகப் பிடித்தவர்களில் ஒருவராக ஆனார்கள். அந்தக் கருவிகளைக் கீழே இறக்கி வைத்த கைகள் யாருடையவை என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இவ்வளவு திறமை இருந்த ஊர் ஏன் விழுந்தது?

தங்கம் தீர்ந்து போச்சு என்பார்கள். பாதி உண்மை. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசியில் மூன்று நாலு கிராம்தான். அதையும் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்கி வரவேண்டும். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. நாட்டுடைமையான பிறகு பல வருடம் எங்கள் தங்கம் சந்தை விலைக்குப் போகவில்லை. அரசாங்கம் அதைவிடக் குறைந்த அதிகாரபூர்வ விலைக்கு எடுத்துக்கொண்டது. அப்புறம் "நஷ்டத்தில் ஓடுகிறது" என்று கணக்கு எழுதினால் நஷ்டமாகத்தானே வரும்? 1992-ல் நலிந்த நிறுவனம் என்று வாரியத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த இடம். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வேலை செய்த இடத்தில் அன்றைக்கு மிச்சம் இருந்தவர்கள் சுமார் 3,500 பேர்.

இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். முப்பதாயிரம் எங்கே, மூவாயிரத்து ஐந்நூறு எங்கே! ஊர் 2001-ல் சாகவில்லை. அதற்கு முன்னால் ஐம்பது அறுபது வருடமாகத் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். மேலே இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனாலும் "மைன்ஸுக்குப் பிறகு என்ன?" என்று ஒரு தாளில் நாலு வரி எழுதி வைக்கவில்லை.

மூடிய பிறகு நடந்ததுதான் நம் மாதிரி டிப்ளமோ படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. வைண்டிங் டிரைவர் ஒருத்தரை எனக்குத் தெரியும். பல ஆயிரம் அடி ஆழத்திலிருந்து கூண்டு நிறைய ஆட்களை ஏற்றி இறக்கியவர். முன்னால் இருக்கிற முள்ளைப் பார்த்து, பிரேக்கைப் பிடித்து, வாசலுக்கு நேராக ஒரு விரல் அளவு பிசகாமல் நிறுத்துவார். மூடிய பிறகு வேலை தேடி பெங்களூர் போனார். "என்ன சர்டிபிகேட் இருக்கு?" என்று கேட்டார்கள். கன்னடம் எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நாலே மாடி! அவரே சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அவருடைய வேலை உலகத்திலேயே சில இடங்களில்தான் உண்டு. அந்த ஒரு வேலைக்காகவே வளர்ந்த ஊர் எங்களுடையது. வீடு கம்பெனியுடையது, தண்ணீர் கம்பெனியுடையது, கரண்ட், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் எல்லாம் கம்பெனியுடையது. கம்பெனி போனதும் எல்லாம் ஒரே நாளில் அநாதை. மற்ற ஊரில் ஒரு மில் மூடினால் பக்கத்து மில், இல்லாவிட்டால் வயல், இல்லாவிட்டால் சொந்த கிராமம். எங்கள் ஜனங்களுக்கு எந்த கிராமம்? நாலு தலைமுறைக்கு முன்னால் ஓடிவந்த கிராமத்தில் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்?

மிச்சம் இருந்தது ரயில். மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், ஊரகம், கோரமண்டல் வழியாக பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து பெங்களூர். நூறு கிலோமீட்டர். விடிவதற்கு முன்னால் வண்டி ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கான பேர், தினமும். என் அப்பாவும் அதில் ஒருத்தர், ஒரு ஆபீஸில் செக்யூரிட்டி. சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளிச்சத்தில் பார்ப்பேன். பெட்டிக்குள் சீட்டுக்கட்டு, பஜனை, அரசியல், வட்டிக்குப் பணம், கல்யாணப் பேச்சு, எல்லாம் நடக்கும். எங்கள் ஊரின் ஊர்ச்சாவடி இப்போது அந்த ரயில்பெட்டிதான். தாத்தாவுக்குக் கூண்டு, அப்பாவுக்கு ரயில். தாத்தா கீழே போனார், அப்பா பக்கவாட்டில் போகிறார். இரண்டு பேருமே இருட்டில்தான்.

அந்த ரயிலை நம்பித்தான் ஊர் இன்னும் மூச்சு விடுகிறது. அதைக் கேவலமாக நான் பேசமாட்டேன். ஆனால் தினமும் நாலைந்து மணி நேரம் ரயிலில் கழிக்கிற மனுஷனுக்கு ஊருக்காக எதையும் செய்ய நேரம் ஏது? வார்டு கூட்டத்துக்கு வரமுடியுமா? பிள்ளையின் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க முடியுமா? பகலில் ஊரில் இருப்பது கிழவர்களும் குழந்தைகளும் பெண்களும்தான்.

இப்போது நான் சொன்ன காத்திருப்புக்கு வருகிறேன்.

2001-ல் பத்து கிராம் தங்கம் 4,300 ரூபாய் சொச்சம். 2025-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. தங்கம் ஏறும்போதெல்லாம் டீக்கடையில் "மைன்ஸ் தொறக்கப் போறாங்களாம்பா" என்று ஒரு புரளி எழும்பும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் அதையே சொல்லும். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் உலக அளவில் டெண்டர் விட வழி திறந்தது. அன்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள் என்று அப்பா சொல்வார். டெண்டரும் வரவில்லை, வெள்ளைக்காரனும் வரவில்லை. பம்பு நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. இருந்தாலும் "தொறப்பாங்க". அதனால் யாரும் எதையும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. லைன் வீடு யாருக்கு என்ற பேச்சே பல வருடம் இழுத்தது. கையில் பட்டா இல்லாதவன் கூரையை ஏன் மாற்றுவான்? பாங்கில் கடன் யார் கொடுப்பார்கள்?

என் பாட்டியிடம் இதைச் சொல்லி வாதம் பண்ணினேன். "பாட்டி, அது திறக்காது. திறந்தாலும் மிஷின்தான் வேலை செய்யும், நூறு பேருக்கு மேல் எடுக்கமாட்டான்" என்றேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தொறக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா? தொறக்காதுன்னு சொல்லிட்டா, அப்புறம் இங்க ஏன் கீறோம்னு ஒரு கேள்வி வருமில்ல, அதுக்கு நீ பதில் சொல்றியா?" என்றாள். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நம்பிக்கையை முட்டாள்தனம் என்று சொல்வது சுலபம். அது அவர்களுக்கு முட்டுக்கால் மாதிரி, தாத்தா வைத்த டிம்பர் மாதிரி. இருந்தாலும் என் கட்சியை விடமாட்டேன். முட்டுக்கால் தற்காலிகத்துக்கு. அதையே சுவராக நினைத்து இருபது வருடம் அதன் கீழே படுத்திருக்கக் கூடாது.

காத்திருப்பு சும்மா இருப்பது இல்லை, ஆளையும் கொல்லும். 2020 மே மாதம், மூடிக்கிடந்த ஒரு சுரங்கத்துக்குள் திருட்டுத்தனமாக இறங்கியவர்களில் மூன்று பேர் உயிரோடு மேலே வரவில்லை. பேப்பரில் 'திருடர்கள்' என்று போட்டார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் ஊரடங்கில் ரயில் நின்று இரண்டு மாதம் ஆகப்போகிற சமயம் அது. இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நிலக்கரித் தொழிலாளிகள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அதன் பின் சுரங்கங்கள் வரிசையாக மூடின. கடைசி ஆழ்சுரங்கம் 2015-ல் போனது. அங்கேயும் வேலை போன ஊர்களில் இன்றும் அதே கதைதான் என்று படிக்கிறோம். ஜெர்மனியில் ரூர் என்ற நிலக்கரிப் பகுதியில் வேறு மாதிரி செய்தார்கள். 1965-லேயே போக்கும் என்ற ஊரில் பல்கலைக்கழகம் திறந்தார்கள். 2007-ல், "2018-ல் எல்லாவற்றையும் மூடுகிறோம்" என்று தேதியை முன்கூட்டியே சொல்லி, யாரையும் கட்டாயமாக வெளியே தள்ளாமல், வயதானவர்களுக்கு ஓய்வு, இளைஞர்களுக்கு வேறு பயிற்சி என்று கொடுத்து, சொன்ன வருடமே டிசம்பரில் மூடினார்கள். அங்கே எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று நான் கதை விடவில்லை. கெல்சன்கிர்ஷன் என்ற ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம் இன்னும் அதிகம்தான். ஆனால் ஒரு தேதி சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. தேதி தெரிந்தவன் தயாராவான். எங்களுக்கு யாரும் தேதியே சொல்லவில்லை, 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னார்கள்.

நம் ஹாஸ்டலில் நெய்வேலி நண்பர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல டவுன்ஷிப், நல்ல ரோடு, நல்ல ஆஸ்பத்திரி, எல்லாம் இருக்கிறது. இருக்கட்டும், பொறாமை இல்லை. ஆனால் 2070-க்குள் கரியமில வாயுவை நிகர பூஜ்ஜியம் ஆக்குவோம் என்று நம் நாடு 2021-ல் உலகத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் பழுப்பு நிலக்கரிக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. அந்த நாள் எது, அதற்குப் பிறகு ஊருக்கு என்ன என்று இப்போதே, சங்கு ஊதும்போதே, கேட்டு வையுங்கள். நின்ற பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இனி சயனைட் மேடு. பாறையைப் பொடியாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு கொட்டிய மண்தான் அது. 3 கோடி டன்னுக்கு மேல், 13 மேடுகள். ஆடிக்காற்று அடித்தால் சோற்றுத்தட்டில் வந்து விழும். சுரங்கத்தூசியின் பாவத்தை ஊர் ஏற்கெனவே அறியும். 1940-களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு சிலிகோசிஸ் இருந்தது. இப்போது தூசி கீழே இல்லை, மேலே பறக்கிறது.

அந்த மேட்டில் இன்னும் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூட இல்லை, ஆனால் இன்றைய விலைக்கு அதுவும் காசு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 1,003 ஏக்கரில் இருக்கும் அந்த மேடுகளைத் திரும்பச் சலித்துத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குச் சம்மதம் சொன்னது. டீக்கடையில் வழக்கம்போல "தொறந்துட்டாங்கடா!" என்று கொண்டாட்டம்.

இந்தத் தடவை நாங்கள் கொஞ்சம் பசங்க கொண்டாட்டத்தில் சேரவில்லை. டிப்ளமோ, ஐ.டி.ஐ., டிகிரி என்று படிக்கிற பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். எத்தனை பேருக்கு வேலை, அதற்கு என்ன பயிற்சி, அதை எங்கே யார் கொடுப்பார்கள், மண்ணை அள்ளும்போது தூசிக்கு என்ன வழி, எத்தனை வருடத்தில் அந்த மேடு தீரும், தீர்ந்த மறுநாள் அந்த நிலம் யாருக்கு? இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். 'திறந்து விடுங்கள்' என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகவே இரண்டு பெரியவர்கள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். பாட்டி போட்டாள், "எழுத்து நல்லா கீதா பாரு" என்று கேட்டுக்கொண்டே.

மற்ற கையெழுத்தெல்லாம் விடியற்காலை வண்டியில் வாங்கியது. பாதிப் பேர் தூக்கத்தில் போட்டார்கள், ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணல். இதுவரை 212. செமஸ்டர் லீவில் போகும்போது பின்பக்கத்து நாலு பெட்டி பாக்கி இருக்கிறது.